பறக்கும் தட்டுத் திருவிழாவும் புதுச் சாமியும்

அமெரிக்கா தேசத்தில் நியூ மெக்சிகோ மாகாணத்தில் ராஸ்வெல் என்று ஓர் ஊர் இருக்கின்றது. சுமார் 48,000 ஜனங்கள் வசிக்கும் நடுத்தரமான ஊர். அவ்வூரில் வருஷந்தோறும் ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு திருவிழா நடக்கின்றது. அத்திருவிழாவின் நாயகர் சிவனுமல்ல, விஷ்ணுவுமல்ல, ஏசுவுமல்ல. வேற்றுலகத்திலிருந்து பறக்கும் தட்டில் ஏறி வந்து, 1947-ம் வருஷத்தில் அந்தப் பக்கத்தில் விழுந்து மாண்டதாகச் சொல்லப்படுகின்ற, பெருத்த தலையும் கரிய கண்ணும் உடைய குள்ளர்களே அதன் நாயகர்கள் ஆவார்கள்.

இது அமெரிக்காவின் சங்கதி. நமது தமிழ்நாட்டிலேயோ, சேலத்தை அடுத்த மல்லமூப்பம்பட்டியில் ஒருவர் அதே வேற்றுலகவாசிக்குச் சிலை செய்து வைத்து, கோவில் கட்டிப் பூசையும் செய்து வருவதாக 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பத்திரிகைகளில் படத்துடன் செய்தி வந்ததை வாசகர்கள் பார்த்திருக்கலாம். இவ்விரண்டு செய்திகளையும் கேட்டவர்கள் பெரும்பாலும் சிரித்தார்கள். நமக்கும் சிரிப்பு வராமல் இல்லை. ஆனால், சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகும்படியான விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை. ஆதலால் இதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகின்றோம்.

பொதட்டூர்பேட்டைத் தறிக்காரத் தோழர் ஒருவர் அந்த ராஸ்வெல் திருவிழாவுக்குப் போவதாக வைத்துக் கொள்வோம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் கூடுகின்ற கூட்டத்தைச் சிறு வயது முதல் பார்த்துப் பழகினவருக்கு அங்கே எதுவுமே புதிதாகத் தோன்றாது. தெரு விளக்குகளுக்கெல்லாம் குள்ளரின் கண்கள் எழுதியிருக்கும். பலகாரக் கடை ஒன்று பறக்கும் தட்டின் உருவத்திலேயே கட்டியிருக்கும். பொம்மைக் கடை, சட்டைக் கடை, படக் கடை எல்லாம் இருக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் குள்ளர் வேஷம் போட்டுக் கொண்டு ஊர்வலம் போவார்கள். நாய்க்கும் பூனைக்குங்கூட வேஷம் போட்டு, எது நன்றாயிருக்கின்றதென்று பரிசு கொடுப்பார்கள். புராணப் பிரசங்கிகளுக்குப் பதிலாக, "நான் கண்டேன்", "என் தகப்பனார் கண்டார்" என்று பேசுகின்றவர்கள் இருப்பார்கள். 1992-ல் திறக்கப்பட்ட ஒரு காட்சிச் சாலையும் இருக்கின்றது. அதுதான் ஸ்தல புராண மண்டபம். உண்டியலுக்குப் பதிலாக டிக்கட்டு. வித்தியாசம் அவ்வளவேதான்.

இனி அந்த ஸ்தல புராணம் உண்டான விதத்தைப் பார்ப்போம். ஒரு புராணம் எப்படி வளர்கின்றது என்பதைக் காட்டுவதற்கு இதைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. ஏனெனில், நமது புராணங்கள் பிறந்த காலத்தில் பத்திரிகைகள் கிடையாது. இது பிறந்த காலத்திலோ தேதி வாரியாகப் பத்திரிகைகள் இருக்கின்றன.

1947 ஜூன் 24-ந் தேதி கென்னத் ஆர்னால்டு என்பவர் தமது ஆகாய விமானத்தில் போகும்போது, ரெய்னியர் மலைப் பக்கத்தில் ஒன்பது பொருள்கள் அதிவேகமாய்ப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். அவை எப்படிப் போயின என்று கேட்டதற்கு, தட்டைத் தண்ணீரின் மேல் வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோலப் போயின என்றார். நமது பிள்ளைகள் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிகின்றார்களே, அதே மாதிரி. அவர் சொன்னது போன விதத்தை, உருவத்தை அல்ல. பத்திரிகைக்காரர்களோ அதைப் "பறக்கும் தட்டு" என்று அச்சடித்து விட்டார்கள். அன்று முதல் ஆகாயத்தில் எதைக் கண்டவர்களும் தட்டையே கண்டார்கள்! அதற்கு ஐம்பது வருஷத்திற்கு முன், 1896, 97-ம் வருஷங்களில், அதே அமெரிக்காவில் ஆகாயத்தில் அதிசயம் கண்டவர்கள் விசிறி வைத்த ஆகாயக் கப்பலைக் கண்டார்கள், தட்டைக் காணவில்லை. நமது பக்தர் கனவில் வருகின்ற சாமி, கடையில் விற்கும் காலண்டர் படத்தில் இருக்கின்றபடியே, அதே நகை, அதே நிறத்தோடு வருவதன் இரகசியமும் இதுவேயாகும். கண் பார்ப்பதற்கு முன்னே மனம் படத்தை எழுதி வைத்து விடுகின்றது.

அந்தத் தட்டுப் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்த சமயத்தில், ராஸ்வெலுக்கு வெகு தூரத்திலுள்ள ஒரு மேய்ச்சல் நிலத்தில் ரப்பர்த் துண்டுகள், ஈயத் தாள், கெட்டிக் காகிதம், மரக் குச்சிகள், பூப்போட்ட ஒட்டு நாடா ஆகியவை சிதறிக் கிடந்தன. ராஸ்வெல் சேனை விமானத் தளத்தார் ஜூலை 8-ந் தேதி, "பறக்கும் தட்டு அகப்பட்டது" என்று அவசரமாக அறிக்கை விட்டார்கள். அன்றைக்கே, அது வெறும் பலூன் என்று மறுத்தார்கள். கிடைத்த சாமான் எல்லாம் சேர்த்து ஐந்து இராத்தல் எடைதான் இருக்குமென்று அன்றைய ராஸ்வெல் பத்திரிகையே எழுதிற்று. அதில் பிணம் இல்லை, குள்ளர் இல்லை. விஷயம் அத்துடன் முடிந்து சுமார் முப்பது வருஷம் யாரும் பேசவில்லை.

1978-ல் ஒருவர் பழைய சிப்பாய் அதிகாரியைத் தேடிப் பிடித்துப் பேட்டி கண்டார். 1980-ல் புத்தகம் வந்தது. அப்புறம் பாருங்கள்! ஐந்து இராத்தல் குப்பை ஒரு கப்பலாயிற்று. ஒரு கப்பல் இரண்டாயிற்று. முப்பது வருஷமாக யாரும் காணாத பிணங்கள் வந்து சேர்ந்தன. ஒட்டு நாடாவில் இருந்த பூ வேலை, வேற்றுலகத்து எழுத்தாக மாறிற்று. 1995-ல் அந்தப் பிணத்தை அறுத்துச் சோதிக்கின்ற படம் என்று ஒரு சினிமாப் படத்தை லண்டனிலிருந்து ஒரு வியாபாரி உலகமெங்கும் ஓட்டினார். 2006-ல் அவரே, அது மறுபடி தயாரித்த படம் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. சுயம்பு லிங்கமும், அசரீரியும், கனவில் சொன்ன இடத்தைத் தோண்டினால் விக்கிரகமும் வந்த வழி இதுதான் என்பதைப் பகுத்தறிவுள்ளவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

உண்மை என்னவென்பதை 1994-ல் அமெரிக்க விமானப் படையார் அறிக்கையாக வெளியிட்டார்கள். ருஷ்ய தேசத்தார் அணுகுண்டு வெடித்துப் பார்க்கின்றார்களா என்று, மேல் ஆகாயத்தில் பரவும் ஓசையைக் கொண்டு கண்டுபிடிப்பதற்காக, பலூன்களைச் சரம் சரமாகக் கட்டிப் பறக்க விட்டார்கள். "மோகுல் திட்டம்" என்று அதற்குப் பெயர். அந்தப் பலூன் சரம் ஒன்றுதான் அங்கே விழுந்து கிடந்தது. அது இராணுவ இரகசியமாதலால் அன்று உண்மையைச் சொல்லவில்லை. சர்க்கார் உண்மையை மூடி வைத்த இடத்திலே கட்டுக்கதை முளைத்தது என்பதே இதன் சாரமாகும். இதைத் தோழர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு சந்தர்ப்பத்திலும் இது உதவும்.

நிற்க. அந்த ராஸ்வெல்காரர்களுக்கு ஒரு நியாயத்தையும் நாம் செய்தாக வேண்டும். அங்கு இதை மெய்யென்று நம்பி ஏமாறுகின்றவர்கள் இல்லாமலில்லை. ஆனாலும் பெரும்பாலோர் வேடிக்கைக்காகவே வருகின்றார்கள். அந்தத் திருவிழாவில் யாரும் மண்ணில் உருளுவதில்லை. அலகு குத்திக் கொள்ளுவதில்லை. எந்தச் சாதியான் எந்த வாசலுக்கு அப்பால் வரக்கூடாது என்பதில்லை. "இது பொய்" என்று சொன்னவனைப் பாவி என்பதில்லை. அவன் மகன் ஊமையாய்ப் பிறப்பான் என்று பயமுறுத்துவதுமில்லை. பொய்யென்று சொல்லுகின்றவனும் டிக்கட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம். வேஷம் கலைந்தால் அவரவர் வீட்டுக்குப் போகின்றார்கள். ஊர்க் கடைக்காரருக்கு நாலு காசு மிச்சம். வேடிக்கை என்று தெரிந்து ஆடுகின்ற ஆட்டத்தை நாம் கண்டிக்கவில்லை. மனிதனுக்குக் கொண்டாட்டம் வேண்டியதுதான். கொண்டாட்டத்திற்குப் பயமும் பொய்யும் வேண்டியதில்லை என்பதே நமது வாதம்.

நமது சேலத்துச் சங்கதியோ வேறு. ஆட்டமாக வந்த குள்ளர் இங்கு வந்ததும் சாமியாகி விட்டார். சிவன் முதலில் படைத்த தெய்வம் இந்த வேற்றுலகவாசிதான் என்றும், இயற்கைச் சேதங்களிலிருந்து இவர்தான் காப்பாற்றுவார் என்றும், அவர்களுடனேயே பேசி உத்தரவு பெற்றுத்தான் கோவில் கட்டினதாகவும் கட்டினவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆகாயத்திலிருந்து வந்த சாமியை 11 அடி ஆழத்தில் பூமிக்கு அடியில் வைத்திருக்கின்றார்களாம்! வேறு உலகத்தில் பிறந்தவனாயிருந்தாலும் தமிழ்நாட்டு எல்லைக்குள் காலை வைத்தால் அவனுக்கும் கர்ப்பக்கிரகத்திலிருந்து தப்பிக்க வழியில்லை போலும்.

ஆனால் அந்த ஒருவர் மேல் மாத்திரம் பாய்ந்து விழுவதில் நமக்குச் சம்மதமில்லை. அவரைப் பார்த்து நகைத்த மகான்கள் அன்று மாலையே எங்கே போனார்கள் என்று கேட்கின்றோம். நாலு கையும் ஆனை முகமும் உள்ள உருவத்திற்குத் தேங்காய் உடைக்கப் போனார்கள். பெருத்த தலையும் கரிய கண்ணும் உள்ள உருவத்தைக் கும்பிடுவது பைத்தியக்காரத்தனம் என்றால், மற்றது எவ்விதத்தில் புத்திசாலித்தனம்? "எங்கள் சாமி பழைய சாமி" என்பார்கள். பழமை ஒன்றே ஆதாரமானால், இந்தக் குள்ளச் சாமிக்கும் ஆயிரம் வருஷம் அவகாசம் கொடுங்கள். அதற்கும் புராணம் வரும், தேர் வரும், மான்யம் வரும், "அனாதி காலமாய்" என்று சொல்லப் பண்டிதர்களும் வருவார்கள். சாமி எப்படி உண்டாக்கப்படுகின்றது என்பதை நமது கண் முன்னாலேயே, சில வருஷ காலத்திற்குள், அஸ்திவாரம் முதல் கலசம் வரை காட்டியதற்காக அந்தக் கோவில்காரருக்கு நாம் ஒரு விதத்தில் நன்றி சொல்ல வேண்டியதாகவே இருக்கின்றது.

"நீங்கள் எல்லாவற்றையும் மறுக்கின்றீர்களே, வேறு உலகங்கள் உண்டென்று விஞ்ஞானிகளே சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்டென்றுதான் சொல்லுகின்றார்கள். சூரியனல்லாத மற்ற நட்சத்திரங்களைச் சுற்றுகின்ற கிரகங்களாகக் கண்டு உறுதி செய்யப்பட்டவை 2025-ம் வருஷத்தில் 6,000-த்தைத் தாண்டி விட்டன. அவற்றில் எங்காவது உயிர் இருக்குமா என்பது அறிவாளிகள் கேட்க வேண்டிய கேள்வியே. அதைக் கேட்கின்றவனை நாம் பாராட்டுகின்றோம். ஆனால், "இருக்கலாம்" என்பதற்கும் "வந்தார்கள்" என்பதற்கும், "வந்தார்கள்" என்பதற்கும் "கும்பிடு" என்பதற்கும் எவ்வளவு தூரம்? அமெரிக்க நாசா ஸ்தாபனத்தார் இதற்கென்றே ஒரு குழு போட்டு ஆராய்ந்து, 2023 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். ஆகாயத்தில் இனம் தெரியாமல் காணப்பட்ட பொருள்கள் வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்கு அத்தாட்சி எதுவும் கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. 2024 மார்ச்சில் அமெரிக்க யுத்த இலாகாவாரின் அறிக்கையும் இதையேதான் சொல்லிற்று. "இன்னதென்று தெரியவில்லை" என்றால், தெரியவில்லை என்பதுதான் அர்த்தம். தெய்வம் என்று அர்த்தமல்ல.

நமது நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். 2012, 13-ல் லடாக் எல்லையில் நமது சிப்பாய்கள் இரவில் வெளிச்சங்களைக் கண்டு, சீனாக்காரனுடைய வேவு விமானமோ என்று மாதக் கணக்காகக் குறித்து வைத்தார்கள். வானநூல் ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தபோது அவை வியாழனும் வெள்ளியுமாக இருந்தன. கையில் துப்பாக்கி வைத்திருக்கும் சிப்பாய்க்கே இப்படியானால், கொல்லைப் பக்கம் எழுந்து போகிற கிராமத்தானுக்கு எப்படியிருக்கும்? 2002-ல் ஐக்கிய மாகாணமென்று முன்பு அழைக்கப்பட்ட உத்தரப் பிரதேசத்தில், இரவில் வெளிச்சத்தோடு பறந்து வந்து முகத்தைப் பிறாண்டும் ஒரு வஸ்து இருப்பதாகப் புரளி கிளம்பி, ஜனங்கள் தூக்கமின்றித் தடியோடு காவல் காத்தார்கள். கலகம் உண்டாகி உயிரும் போயிற்று. புரளியைக் கிளப்பினவன் முகத்தில் ஒரு கீறலும் விழுந்திருக்காது என்பது நிச்சயம்.

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். "பறக்கும் தட்டென்ன அதிசயம்? எங்கள் ரிஷிகள் அந்தக் காலத்திலேயே விமானம் விட்டார்கள்" என்பார்கள். அதற்கு ஆதாரம் "வைமானிக சாஸ்திரம்" என்னும் நூலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதை ஆராய்ந்து 1974-ல் எழுதினார்கள். அந்த நூல் 1904-க்கு முந்தியதாக இருக்க முடியாது என்றும், அதில் சொன்ன விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கத் தக்கதல்ல என்றும் கண்டார்கள். அதாவது, வெள்ளைக்காரன் பறந்து காட்டியதற்குப் பிறகு நமது ரிஷி பறந்திருக்கின்றார்! இவ்வளவுக்குப் பிறகும் 2015 ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான மகாநாட்டிலேயே வேத கால விமானத்தைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டது என்றால், படிப்புக்கும் பகுத்தறிவுக்கும் சம்பந்தம் இல்லை என்று நாம் சொல்லுவதில் என்ன தப்பு?

இதெல்லாம் போகட்டும், யாரோ எதையோ நம்பினால் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காகவே முக்கியமான சங்கதியைக் கடைசியில் வைத்திருக்கின்றோம்.

2016 பிப்ரவரி 6-ந் தேதி, அன்று வேலூர் ஜில்லாவில் இருந்த நாட்றம்பள்ளிக்கு அருகே, ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒரு பஸ் டிரைவர் இறந்து போனார். மூவர் காயமடைந்தார்கள். ஆகாயத்திலிருந்து விண்கல் விழுந்தது என்றே அன்றைய முதல் மந்திரியார் அறிவித்து, இறந்தவர் குடும்பத்திற்கு ஒரு லக்ஷம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். விண்கல் விழுந்து மனிதன் இறந்தான் என்பது உலகத்தில் அதுவரை கேட்டிராத சங்கதியாதலால் பல தேசத்துப் பத்திரிகைகளும் எழுதின. பிறகு, படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது நிலத்தில் நடந்த வெடியைப் போலத்தான் இருக்கின்றது என்றார்கள். நமது வானநூல் ஆராய்ச்சியாளர்களும் விண்கல் என்பதைச் சந்தேகித்தார்கள்.

தோழர்களே! இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். வெடி நிலத்திலிருந்து வந்தது என்றால், வெடிமருந்தை அங்கு வைத்தது யார், அஜாக்கிரதை யாருடையது, தண்டனை யாருக்கு, நஷ்ட ஈடு எவ்வளவு என்று வரிசையாகக் கேள்விகள் கிளம்பும். ஆகாயத்திலிருந்து வந்தது என்றாலோ ஒரு கேள்வியும் கிடையாது. ஆகாயத்தின் மேல் வழக்குப் போட முடியுமா? ஆகாயத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா? பூமியிலுள்ள குற்றவாளி தப்பித்துக் கொள்ளுவதற்கு ஆகாயத்தைப் போன்ற வசதியான இடம் வேறில்லை. தறி ஓடாமல் பட்டினி கிடக்கின்றவனிடம் "உன் கிரகம் சரியில்லை" என்று சொல்லுகின்றார்களே, அதுவும் இந்தத் தந்திரந்தான். நூல் விலையை ஏற்றினவன் பூமியில் இருக்கின்றான். கூலியைக் குறைத்தவன் பூமியில் இருக்கின்றான். பழி மாத்திரம் சனியின் மேல்! ராஸ்வெலில் இராணுவ இரகசியத்தைத் தட்டுக் கதை மூடிற்று. இங்கே நம் வயிற்றெரிச்சலை நவக்கிரகக் கதை மூடுகின்றது. ஆகாயத்தைக் காட்டிப் பேசுகின்றவன் எவனாயிருந்தாலும், அவன் கையைப் பார்க்காமல் அவன் காலடியில் என்ன மறைந்திருக்கின்றது என்று பாருங்கள்.

நமது திருவள்ளூர் ஜில்லாக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வசதியும் இருக்கின்றது. கிழக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா இருக்கின்றது. 2023 ஜூலை 14-ந் தேதி சந்திரயான்-3 அங்கிருந்துதான் புறப்பட்டு, ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனில் இறங்கிற்று. ராக்கெட்டு கிளம்பும் இரவில், மேகமில்லாவிட்டால், நமது ஜில்லாவில் பல ஊர்களில் மொட்டை மாடியில் நின்றே அந்த நெருப்புக் கோட்டைக் காணலாம். ராக்கெட்டு விடும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாமென்று தடுக்கின்றார்கள். அவர்களுக்கு ஆகாயத்தில் போவது இன்னதென்று தெரியும். எந்த நாள், எந்த மணி என்றும் தெரியும். அன்றைய பிழைப்பு போயிற்று என்பதும் தெரியும். அதற்காக அவர்கள் ராக்கெட்டுக்குக் கற்பூரம் கொளுத்தவில்லை. தங்கள் நஷ்டத்தைப் பற்றிப் பேசுகின்றார்கள். அதுதான் மனிதன் செய்கின்ற காரியம்.

மேற்கே போனால் ஜவ்வாது மலையில் காவலூர் வானநோக்கு நிலையம் இருக்கின்றது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் கண்டறிந்தபோது, அங்கிருந்து பார்த்தவர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. அதற்கும் முன்பு, 1874 டிசம்பரில் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்து போனபோது, சென்னை வானநோக்கு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை ஜனங்களுக்கு விளக்கி நாட்டு மொழிகளிலும் புத்தகம் போட்டார். சாதியில் ஆச்சாரியார்தான், ஆனாலும் பார்த்துச் சொன்னார், கணக்குப் போட்டுச் சொன்னார். ஆகவே அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள நமக்கு ஆட்சேபணையில்லை.

ஆதலால் பொதட்டூர்பேட்டைத் தோழர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகின்றோம். ராஸ்வெல்காரன் ஆகாயத்தை வைத்துத் திருவிழா நடத்தலாமென்றால் நாமும் நடத்தலாம். பள்ளிக்கூடத்து மைதானத்தில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து வையுங்கள். சனி தெரிகின்ற மாதமாகப் பார்த்து வையுங்கள். எந்தச் சனியைக் கண்டு நடுங்கி எள் விளக்குப் போட்டார்களோ, அந்தச் சனியை அந்தத் தாய்மார்களே வரிசையில் நின்று, சாதி வித்தியாசமில்லாமல் ஒரே துளையில் கண் வைத்து, வளையத்தோடு பார்க்கட்டும். குழந்தைகள் வேண்டுமானால் குள்ளர் வேஷமும் போட்டுக் கொள்ளட்டும். சுண்டலும் கொடுங்கள். தட்டில் தட்சணை மாத்திரம் வாங்காதீர்கள்.

சனி அவர்களைப் பார்த்தது போதும். இனி அவர்கள் சனியைப் பார்க்கட்டும்.